நைட்டிங்கேல் உண்மையிலேயே உயிர்களைக் காப்பாற்றினாரா, இல்லை எல்லாம் பில்டப்பா?

நூலகப்பூனை:
கிரீமியப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்த நாள், மே 12 வந்தாலே வாட்ஸ்அப் முழுக்கக் கைவிளக்கேந்திய காரிகைதான். இந்த முறை அதற்குப் போட்டியாக இன்னொரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "நைட்டிங்கேல் போன பிறகுதான் அந்த மருத்துவமனையில் சாவு அதிகமானது, பிரிட்டிஷ்காரன் அதை மறைத்து அவரைத் தேவதையாக்கிவிட்டான்." எங்கள் குடும்பக் குழுவில் இதை வைத்து நேற்று ராத்திரி முழுக்கச் சண்டை, ஒரு பக்கம் நர்ஸாக வேலை செய்யும் சித்தி, இன்னொரு பக்கம் எதையும் நம்பாத மாமா. நான் கொஞ்சம் படித்துப் பார்த்ததில் ரெண்டு பேர் சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக "அவர் ஒரு தியாகச் சுடர்" என்று எழுத வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

எண்கணித வாத்தி:
ஃபார்வர்டில் இருக்கும் எண் பொய் இல்லை, ஆனால் கதையைப் பாதியில் வெட்டியிருக்கிறார்கள்.

கிரீமியப் போர் 1853இல் தொடங்கி 1856இல் முடிந்தது. ரஷ்யாவுக்கு எதிராக பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி. பிரிட்டிஷ் காயம்பட்டோரைக் கருங்கடல் வழியாகக் கப்பலில் ஏற்றி, இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவந்தார்கள் (இன்றைய உஸ்குதார்). அங்கே துருக்கியரின் பெரிய படைக் கொட்டடி ஒன்று மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. டைம்ஸ் நிருபர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் போன்றவர்கள் அனுப்பிய செய்திகளால் லண்டனில் கொந்தளிப்பு. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட், தனக்கு ஏற்கெனவே பழக்கமான நைட்டிங்கேலைப் போகச் சொல்கிறார். 38 பெண்களோடு 1854 நவம்பர் 4 அன்று போய் இறங்குகிறார். மறுநாளே இங்கர்மன் சண்டை, காயம்பட்டவர்கள் வந்து குவிகிறார்கள். நாலு மைல் நீளத்துக்குப் படுக்கை, நடுவில் 18 அங்குல இடைவெளிகூட இல்லை என்று அவரே கடிதத்தில் எழுதுகிறார்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அவர் வந்த பிறகு சாவு குறையவில்லை, ஏறியது. 1855 பிப்ரவரியில் ஸ்கூட்டாரியில் சிகிச்சைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். முதல் குளிர்காலத்தில் மட்டும் ஏறக்குறைய 4,000 பேர். காலரா, வயிற்றுப்போக்கு, டைஃபஸ், இவைதான் காரணம், குண்டடி இல்லை. கட்டடத்துக்குக் கீழே சாக்கடை அடைத்து நின்றது, அதன் காற்று கக்கூஸ் வழியாக வார்டுக்குள் ஏறியது, மேலே ஆட்களை நெருக்கிப் போட்டிருந்தார்கள். எத்தனை கருணையோடு கஞ்சி ஊட்டினாலும் அந்தக் கட்டடம் ஆளைக் கொல்லும்.

மார்ச்சில் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வருகிறது. மருத்துவர் ஜான் சதர்லண்ட், பொறியாளர் ராபர்ட் ராலின்சன். சாக்கடையைக் கழுவி விட்டார்கள், தண்ணீர் வரும் வழியைச் சுத்தம் செய்தார்கள் (அதில் செத்த குதிரை கிடந்தது), சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், காற்று வர வழி செய்தார்கள். ஜூனுக்குள் சாவு நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கியது. குளிர்காலம் முடிந்ததும், கூட்டம் குறைந்ததும், சாப்பாடு மேம்பட்டதும்கூட இதில் சேரும், எவ்வளவு பங்கு எதற்கு என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

வம்பளப்பான்:
ஆக, மாமா சொன்னதுதான் சரி. காப்பாற்றியது பொறியாளர்கள், பேர் வாங்கியது பணக்கார வீட்டுப் பெண். ராலின்சனுக்கு ஒரு சிலை இருக்கிறதா? டெர்பிஷயரில் ஒரு மாளிகை, ஹாம்ப்ஷயரில் ஒரு மாளிகை, அப்பா வருஷத்துக்கு 500 பவுன் கொடுத்தார். இத்தனை வசதி இருந்தால் யாரும் தியாகம் செய்யலாம் சார்.

எண்கணித வாத்தி:
வம்பளப்பான், அந்தப் பெண் பேர் வாங்க நினைத்திருந்தால் 1856இல் வேலை முடிந்தது. ஊர் முழுக்கப் பாட்டு, பொம்மை, படம். அவரோ "மிஸ் ஸ்மித்" என்று வேறு பெயரில் சத்தமில்லாமல் ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு செய்ததுதான் அவருடைய நிஜமான வேலை என்பது என் கட்சி.

ஸ்கூட்டாரியில் இருந்தபோது அவர் சாவுக்குக் காரணம் என்று நினைத்தது சாப்பாடு, துணி, மருந்து பற்றாக்குறை, அதிகாரிகளின் மெத்தனம், ஆட்கள் பாதி செத்த நிலையில் வந்து சேர்வது. திரும்பி வந்த பிறகு வில்லியம் ஃபாரோடு உட்கார்கிறார். ஃபார் இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்த்தவர், அந்தக் காலத்தில் இந்தத் துறையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ரெண்டு பேரும் மாதவாரியாகச் சாவைப் பிரித்துப் போட்டதும் நிலைமை தெரிகிறது. ஒரே ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், 1855 ஜனவரி. படை 32,393 பேர். தடுத்திருக்கக்கூடிய நோயில் இறந்தவர்கள் 2,761. காயத்தில் 83. மற்ற காரணம் 324. இந்த வேகத்தில் ஒரு வருஷம் போனால் ஆயிரத்துக்கு 1,174 பேர், அதாவது படை முழுக்கச் செத்து, அதற்கு மேலும் சாக ஆள் அனுப்ப வேண்டும். ரஷ்யாக்காரன் ஒரு குண்டு போட வேண்டியதில்லை.

தான் இரவும் பகலும் உழைத்த இடமும் இதில் அடக்கம் என்று தெரிந்த பிறகு ஒருவர் என்ன செய்வார்? பெரும்பாலும் அந்தக் காகிதத்தை மூடி வைப்பார். இந்த அம்மா அதை எண்ணூறு பக்கத்துக்கு மேல் அறிக்கையாக எழுதி, கையோடு அச்சடித்து, வேண்டியவர்கள் எல்லாருக்கும் அனுப்பினார். கொலை செய்யப்பட்டவர்களின் பலிபீடத்தில் நிற்கிறேன், உயிரோடு இருக்கும்வரை அவர்களுக்காகச் சண்டை போடுவேன் என்று 1856இல் தனக்காக எழுதிவைத்த குறிப்பில் இருக்கிறது. "கொலை" என்பது அவர் போட்ட சொல்.

ராணுவ அதிகாரிகள் சொன்ன சாக்கு: போர் என்றால் சாவு இருக்கும். அதற்கு அவர் சமாதான காலத்துக் கணக்கை எடுத்தார். இங்கிலாந்துக்குள்ளேயே, சண்டை எதுவும் இல்லாமல், கொட்டடியில் தின்று தூங்கும் இளம் சிப்பாய்கள் ஆயிரத்துக்கு 17 முதல் 20 பேர் சாகிறார்கள், வெளியே அதே வயது ஆட்கள் 11 பேர். இதற்குப் பதில் வருஷத்துக்கு 1,100 பேரை சாலிஸ்பரி சமவெளியில் நிறுத்திச் சுட்டுவிடலாம், ரெண்டும் ஒரே குற்றம்தான் என்று எழுதினார்.

அந்தப் பிரபலமான "ரோஜா" வரைபடம் இந்த நேரத்தில், 1858இல் வந்தது. வட்டத்தைப் பன்னிரண்டு மாதமாகப் பிரித்து, நீலம் நோய், சிவப்பு காயம், கறுப்பு மற்றவை. பார்த்தவுடன் நீலம் மட்டும்தான் கண்ணில் அறையும். அந்த வருஷமே லண்டன் புள்ளியியல் சங்கத்தில் உறுப்பினராகிறார், அங்கே முதல் பெண். ராலின்சனுக்குச் சிலை இருக்கிறதா என்று கேட்டீர்கள். சுகாதாரக் குழு செய்த வேலைதான் சாவைக் குறைத்தது என்று எண்ணோடு உலகத்துக்குச் சொன்னதே இந்த அம்மாதான் சார்.

தென்காசி சிஸ்டர்:
வாத்தியார் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம். "நிஜமான வேலை கணக்குதான்" என்று சொல்லும்போது வார்டில் நடந்ததெல்லாம் சும்மா கஞ்சி ஊட்டியது என்றாகிவிடுகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசு மருத்துவமனையில் டியூட்டி பார்த்து ஓய்வு பெற்றவள் நான், நைட்டில் எண்பது நோயாளிக்கு ரெண்டு பேர் நின்றிருக்கிறோம். ஒரு வார்டை ஓட்டுவது என்பதே பெரிய நிர்வாகம், அது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவர் போய் இறங்கியபோது ராணுவ டாக்டர்கள் நர்ஸுகளை வார்டுக்குள் விடவே இல்லை. சண்டை போடாமல், டாக்டர் கூப்பிடும்வரை ஒருத்தியும் உள்ளே போகக்கூடாது என்று தன் ஆட்களையே நிறுத்தி வைத்தார். துணி தைக்கச் சொன்னார், கட்டுத் துணி உருட்டச் சொன்னார். இங்கர்மன் கூட்டம் வந்ததும் டாக்டர்களே வந்து கேட்டார்கள். இது தந்திரம். நான் பார்த்த எந்த நல்ல ஹெட் சிஸ்டரும் இப்படித்தான் வேலை வாங்குவார்கள்.

துணி துவைக்க ஏற்பாடு இல்லை. அவர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொதிகலன் வைத்து, படையோடு வந்து நிர்க்கதியாக நின்ற சிப்பாய்களின் மனைவிமாரை வேலைக்குப் போட்டார். அவர்களுக்கும் கூலி ஆயிற்று. டைம்ஸ் நிதிப் பணத்தில் சட்டை, போர்வை, தட்டு, தேய்க்கும் பிரஷ் எல்லாம் வெளிச் சந்தையில் வாங்கினார், ஏனென்றால் ராணுவக் கிடங்கில் சாமான் இருந்தாலும் கையெழுத்துக் காகிதம் வராமல் தர மாட்டார்கள். (இந்தக் காகித வியாதிக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.) 1855 வசந்தத்தில் அலெக்சிஸ் சோயர் என்ற பெயர்போன சமையல்காரர் தானாக வந்து சமையலறையை மாற்றினார். குடித்தே தீர்ப்பான் என்று அதிகாரிகள் சொன்ன சிப்பாயின் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்ப நைட்டிங்கேல் வழி செய்தார், ஆறு மாதத்தில் 71,000 பவுன் போனது. படிக்கும் அறை திறந்தார். சிப்பாயை மனுஷனாக நடத்தினால் மனுஷனாக இருப்பான் என்பதை நிரூபித்தது அங்கேதான்.

பெரிய மருத்துவ அதிகாரி டாக்டர் ஜான் ஹாலுக்கு இவரைக் கண்டால் ஆகாது. அவருக்கு பிற்பாடு கே.சி.பி. (K.C.B.) என்ற அரசுப் பட்டம் கொடுத்தபோது, அந்த எழுத்துகளுக்கு "கிரீமிய இடுகாடுகளின் வீரர் (Knight of the Crimean Burial-grounds)" என்று அர்த்தம் போலிருக்கிறது என்று நைட்டிங்கேல் எழுதினார். இந்த வாய் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாந்த சொரூபி என்று படம் போடுகிறவர்கள் இவர் கடிதம் ஒன்றுகூடப் படித்ததில்லை.

முதலாமாண்டு:
வணக்கம் சிஸ்டர். நான் பி.எஸ்சி. நர்சிங் முதல் வருஷம். எங்கள் கல்லூரியில் அடுத்த வாரம் விளக்கேற்றும் விழா. நைட்டிங்கேல் எழுதிய உறுதிமொழியைச் சொல்ல வேண்டும். அந்த விளக்கு, அந்த உறுதிமொழி ரெண்டைப் பற்றியும் போஸ்டர் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஏதாவது சொல்லுங்களேன்.

தென்காசி சிஸ்டர்:
வாழ்த்துகள் கண்ணு. உறுதிமொழி அவர் எழுதியது இல்லை. 1893இல் அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரத்தில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற நர்சிங் ஆசிரியை தலைமையில் எழுதி, நைட்டிங்கேல் பெயரை வைத்தார்கள். டாக்டர்கள் சொல்லும் ஹிப்போகிராட்டிஸ் உறுதிமொழிக்கு ஜோடியாக. அப்போது இவர் லண்டனில் உயிரோடுதான் இருந்தார்.

விளக்கும் நீ விழாவில் பிடிக்கப்போகும் அலாவுதீன் விளக்கு மாதிரி இல்லை. துருக்கியர் பயன்படுத்திய, மடக்கி விரிக்கிற கூண்டு விளக்கு. உள்ளே மெழுகுவர்த்தி. அதை எடுத்துக்கொண்டு ராத்திரி கடைசி ரவுண்டு போவார், அது உண்மை. அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 1857இல் கவிதையில் போட்டதும் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது.

போஸ்டரில் இதையெல்லாம் போட்டால் உன் மேடம் என்ன சொல்வார்களோ, அது உன் பாடு.

கூவம்கரை:
யாரும் இந்தியாவைப் பற்றிப் பேசவில்லையே? அவருடைய வாழ்க்கையில் கிரீமியா ரெண்டு வருஷத்துக்கும் குறைவு. இந்திய விவகாரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார், ஒரு தடவைகூட இங்கே வராமல்.

1857க்குப் பிறகு பிரிட்டிஷ் சிப்பாய்களை இங்கே நிறைய வைக்க வேண்டிய நிலை. 1859இல் இந்தியப் படையின் சுகாதாரம் பற்றி ஒரு அரசு ஆணையம். அதற்கு இந்தியாவில் இருந்த படை நிலையங்கள் எல்லாவற்றுக்கும் கேள்வித்தாள் அனுப்பச் செய்தது இவர். தண்ணீர் எங்கிருந்து, சாக்கடை எங்கே போகிறது, ஒரு ஆளுக்கு எத்தனை இடம், என்ன குடிக்கிறான். பதில்கள் வண்டி வண்டியாக அவர் வீட்டுக்கே வந்தன. 1863இல் வெளியான அறிக்கை ரெண்டாயிரம் பக்கத்துக்கு மேல். பிரிட்டிஷ் சிப்பாய் ஆயிரத்துக்கு 69 பேர் வருஷா வருஷம் சாகிறான் என்று அதில் தெரிந்தது. பத்து வருஷத்தில் அது 18 ஆகக் குறைந்ததாக அவர் எழுதினார்.

சரி, இது வெள்ளைக்கார சிப்பாய்க்கான கவலைதானே என்று வம்பளப்பான் கேட்பார். தொடக்கத்தில் ஆமாம். ஆனால் கொட்டடிக்கு வெளியே இருக்கும் ஊர் சுத்தமாக இல்லாமல் கொட்டடி மட்டும் சுத்தமாக இருக்க முடியாது, அங்கிருந்து ஊருக்கு வந்தார். ஊருக்கு வந்தால் தண்ணீர், தண்ணீருக்கு வந்தால் பாசனம், பாசனத்துக்கு வந்தால் நிலவரி, கந்துவட்டி. ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனவர்.

சென்னை மாகாணம் இதில் நேரடியாக வருகிறது. 1866 முதல் 1872 வரை இங்கே ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, கிரீமியப் போரின்போது இஸ்தான்புல் தூதரகத்தில் இருந்தவர், நைட்டிங்கேலின் வேலையைக் கிட்ட இருந்து பார்த்தவர். அந்தப் பழக்கத்தில் கடிதப் போக்குவரத்து இருந்தது. சென்னை வடிகால், மருத்துவமனை எல்லாம் அதில் பேச்சு. நம் ஜி.எச்.சில் நர்ஸ் பயிற்சி தொடங்கியது 1871 என்று சொல்வார்கள்.

அப்புறம் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878. நம் பாட்டிமார் கும்மிப் பாட்டில் வைத்திருக்கும் அதே பஞ்சம். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று பஞ்சத்தைப் பார்க்க அரசாங்கம் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்ட காலம். 1878 ஆகஸ்டில் நைட்டிங்கேல் லண்டன் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். முதல் வரியே "இந்திய மக்களைப் பற்றி நமக்கு அக்கறை இல்லை" என்பதுதான். விவசாயி கடன்காரனிடம் மாட்டுவது, பாசனத்தைக் கைவிட்டது, எல்லாவற்றையும் தன் அரசாங்கத்தின் மேலேயே போட்டார். ரயிலை விடக் கால்வாய் முக்கியம் என்று தலையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டனுக்கு ஆதரவாக நின்றார். கோதாவரிக்காரர்களும் கொள்ளிடம் பக்கத்துக்காரர்களும் காட்டனை இன்னும் மறக்கவில்லை, ஆனால் அவருக்காக லண்டனில் வக்காலத்து வாங்கியது யார் என்று யாருக்கும் தெரியாது.

வம்பளப்பான்:
கூவம்கரை எழுதியது எனக்குப் புதிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அவர் "பேரரசு வேண்டாம்" என்று ஒருநாளும் சொல்லவில்லையே? "நன்றாக ஆளுங்கள்" என்றுதான் சொன்னார். இன்னொன்று, மேரி சீகோல். அதே போரில் ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பெண், வேலை கேட்டு அலைந்தார், சேர்த்துக்கொள்ளவில்லை. நைட்டிங்கேல் அவரைப் பற்றிக் கேவலமாகக் கடிதம் எழுதினார். அதைப் பேசுங்கள் முதலில்.

நூலகப்பூனை:
பேசலாம். சீகோலைப் பற்றி நான் கொஞ்சம் நிறையவே படித்திருக்கிறேன், அதனால் இது நீளும்.

1805இல் கிங்ஸ்டனில் பிறந்தவர். அம்மா விடுதி நடத்திய நாட்டு வைத்தியர், அப்பா ஸ்காட்லாந்துப் படைக்காரர். கிங்ஸ்டனிலும் பனாமாவிலும் காலரா வந்தபோது நேரடியாக நின்று வைத்தியம் பார்த்தவர், அதாவது காலரா அனுபவம் நைட்டிங்கேலைவிட இவருக்கு அதிகம். 1854இல் லண்டன் வந்து போர் அலுவலகத்தில் கேட்டார், ஹெர்பர்ட் மனைவியிடம் போனார், எல்லா இடத்திலும் கதவு மூடியது. தோல் நிறத்தால்தானா என்று தெருவில் நின்று அழுததாக 1857இல் வந்த தன் வரலாற்றில் எழுதுகிறார். நேர்காணல் நடத்தித் தள்ளியது நைட்டிங்கேல் இல்லை, அவர் அப்போதே கிளம்பியிருந்தார். சொந்தக் காசில் கப்பல் ஏறி, வழியில் ஸ்கூட்டாரியில் நைட்டிங்கேலைச் சந்தித்து, ஒரு ராத்திரி படுக்க இடம் கேட்டார், துவைக்கும் பெண்கள் தங்கும் அறையில் கிடைத்தது. பிறகு கிரீமியாவில் பலாக்லாவா துறைமுகத்துப் பக்கத்தில் "பிரிட்டிஷ் ஹோட்டல்" என்று கட்டி, சாப்பாடு, சாராயம், மருந்து எல்லாம் விற்றார், சண்டை நடக்கும் இடத்துக்கே கோவேறு கழுதையில் போய்க் காயத்துக்குக் கட்டுப் போட்டார். போர் திடீரென்று முடிந்ததும் சரக்கு தேங்கி திவால். பழைய சிப்பாய்கள் 1857இல் நிதி திரட்டு விழா நடத்தும் அளவுக்கு அவர்மேல் பாசம் இருந்தது.

அந்தக் கடிதம் 1870இல், தன் அக்கா கணவர் ஹாரி வெர்னிக்கு. சீகோல் ஆட்களிடம் அன்பாக இருந்தார், கொஞ்சம் நல்லதும் செய்தார், பல பேரைக் குடிகாரராக்கினார் என்று எழுதி, அந்த இடத்தை விபசார விடுதிக்குப் பக்கத்தில் வைக்கிறார். அசிங்கமான கடிதம்தான், அதில் வர்க்கத் திமிர், இனத் திமிர் ரெண்டும் இருக்கிறது. இதற்கு முட்டுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் இப்போது நடக்கும் "சீகோலா நைட்டிங்கேலா" போட்டி வீண். ஒருவர் காயம்பட்டவன் பக்கத்தில் போய் நின்றார், இன்னொருவர் மருத்துவமனை, ராணுவம், அரசாங்கம் என்று அமைப்பையே பிடித்து உலுக்கினார். 2016இல் சீகோல் சிலையை லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் வைத்தபோது, அது நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி இருந்த இடம் என்று பெரிய எதிர்ப்பு. வைத்தது சரி. நூற்றைம்பது வருஷம் தாமதம், அவ்வளவுதான்.

கூவம்கரை:
வம்பளப்பான், பேரரசு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. விடுதலை கேட்டவர் இல்லை. ஆனால் தாதாபாய் நௌரோஜி, வெட்டர்பர்ன், பூனா சார்வஜனிக் சபை என்று காங்கிரசின் ஆரம்பகால ஆட்களோடு பேச்சு வைத்திருந்தார், வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சிச் சீர்திருத்தத்தைத் தாங்கிப் பிடித்தார். அந்தக் கால லண்டனில் அதுவே பலருக்கு எரிச்சல்.

தென்காசி சிஸ்டர்:
எனக்கும் அவர்மேல் ரெண்டு குறை உண்டு. முதல் குறை கிருமி. நோய் கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் வெகுநாள் நம்பினார், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்பதைக் கேலி செய்தார். 1880களில்தான் கிருமிக் கொள்கைக்கு இறங்கி வந்தார். வேடிக்கை என்னவென்றால், தப்பான காரணத்துக்காக அவர் செய்யச் சொன்னதெல்லாம் சரியாக அமைந்துவிட்டது: ஜன்னலைத் திற, சாக்கடையை மூடு, படுக்கையைத் தள்ளிப் போடு, கையை அடிக்கடி கழுவு.

ரெண்டாவது, நர்ஸுகளுக்கு அரசுப் பதிவு வேண்டும் என்று எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்ற நர்ஸ் போராடியபோது இவர் எதிராக நின்றார். தேர்வு எழுதி வாங்கும் சான்றிதழ் ஒருத்தியின் குணத்தைச் சொல்லாது என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பதிவு இல்லாவிட்டால் எவனும் எவளையும் வெள்ளைச் சட்டை மாட்டி நிறுத்திவிட்டு நர்ஸ் என்பான். என் மகள் முதலில் வேலை பார்த்த ஒரு தனியார் இடத்தில் அதுதான் நடந்தது, பதிவு பெற்றவர்கள் நாலு பேர், மீதி எல்லாம் சும்மா பழகியவர்கள், சம்பளமும் அதற்குத் தகுந்த மாதிரி. பிரிட்டனில் பதிவுச் சட்டம் 1919இல்தான் வந்தது, இவர் இறந்து ஒன்பது வருஷம் கழித்து.

ஆனாலும் 1859இல் எழுதிய நர்சிங் குறிப்புகளை நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன். நர்ஸுகளுக்காக எழுதியதே இல்லை, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு எழுதியது. நோயாளி காதில் விழுகிற மாதிரி வாசலில் நின்று குசுகுசுப்பது, எதுவும் தெரியாமல் "சீக்கிரம் சரியாகிவிடும்" என்று ஆறுதல் அளப்பது, ஆளுக்கொரு மருந்து சொல்வது, இதற்கெல்லாம் அத்தியாயங்களே ஒதுக்கித் திட்டியிருக்கிறார். நம் ஊர் பார்வையாளர் நேரத்தில் வந்து உட்கார்ந்து எழுதிய மாதிரியே இருக்கும்.

நைட்ஷிப்ட்:
இழையை இப்போதுதான் பார்த்தேன். ஒரு விஷயம் விட்டுப்போனது: இந்த வேலை எல்லாம் படுத்த படுக்கையில் நடந்தது. 1855 மே மாதம் கிரீமியாவில் கடும் காய்ச்சல், பிழைத்ததே பெரிது. இன்று அதை புரூசெல்லோசிஸ் என்று பலர் கருதுகிறார்கள், மாட்டுப்பால், ஆட்டுப்பால் வழியாக வருகிறதே, அது. 1857க்குப் பிறகு வருஷக்கணக்கில் முதுகுவலி, நடக்க முடியாமை, மனச்சோர்வு. அமைச்சர்கள் அவர் வீட்டுக்கு வந்து காத்திருந்தார்கள். சிலர் அது நடிப்பு, வேண்டாதவர்களைத் தவிர்க்க ஒரு வழி என்றார்கள், கொஞ்சம் அப்படியும் இருக்கலாம்! கூடவே உழைத்த சிட்னி ஹெர்பர்ட் சிறுநீரக நோயோடு மல்லாடும்போதுகூட அவரை விடாமல் விரட்டினார், அவர் 1861இல் இறந்தார். ஆள் சுலபமானவர் இல்லை. 90 வயதுவரை இருந்தார், 1910இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைக்க அரசு முன்வந்தபோது குடும்பம் வேண்டாம் என்றது. ஊர் தேவாலயத்துக் கல்லறையில் பெயரின் முதல் எழுத்துகளும் பிறந்த, இறந்த தேதிகளும் மட்டும்.

1890இல் எடிசன் மெழுகு உருளையில் பதிந்த அவர் குரல் இணையத்தில் கிடைக்கிறது, பலாக்லாவா பழைய சிப்பாய்கள் நிதிக்காகப் பேசியது. கரகரப்பில் பாதிதான் புரியும்.

முதலாமாண்டு:
எல்லாருக்கும் நன்றி. மேடத்திடம் கேட்டேன், விளக்குக்குப் பதிலாக அந்த ரோஜா வரைபடம் போடலாம் என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் உறுதிமொழி விஷயத்தை விழா முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். வாத்தியார் சார், 1855 ஜனவரியை மட்டும் பெரிதாக வரையலாம் என்று இருக்கிறேன். காயம் 1 செ.மீ. என்றால் நோய் 33 செ.மீ. வருகிறது, சார்ட்டில் இடமே இல்லையே?

எண்கணித வாத்தி:
அது ஆரம் இல்லை தம்பி (அல்லது தங்கை), பரப்பு. 2,761ஐ 83ஆல் வகுத்தால் 33 வரும், அதற்கு வர்க்கமூலம் எடு. காயம் 1 செ.மீ. ஆரம் என்றால் நோய் 5.8 செ.மீ., மற்றவை 2 செ.மீ. மூன்றும் நடுப்புள்ளியிலிருந்தே தொடங்கும், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கக்கூடாது. நைட்டிங்கேல் முதலில் போட்ட ஒரு படத்தில் ஆரத்தையே எண்ணாக வைத்ததால் பார்வைக்கு நோய் அளவுக்கு மீறித் தெரிந்தது, பிறகு மாற்றித்தான் இந்த வடிவத்துக்கு வந்தார். ஒவ்வொரு மாதத்துக்கும் 30 பாகை. நோய்க்கு நீலம் போடு, கறுப்பைக் கடைசியில் அடி, இல்லாவிட்டால் மை பரவும்.